தமிழ்க் குறிப்பிலிருந்து அரபு மூலம் வரை

"அமானிதம் பேணாதவனுக்கு ஈமான் இல்லை" போன்ற ஒரு ஹதீஸை (நபிமொழியை) எழுதிய நோட்டீஸின் அடியிலோ வாட்ஸ்அப் செய்தியின் கடைசி வரியிலோ "நூல்: அஹ்மத் 3/135" என்று போட்டிருப்பார்கள். முன்பெல்லாம் அதை மூலத்தில் பார்க்க வேலூருக்கோ உமராபாத்துக்கோ போய் ஒரு மத்ரஸா நூலகத்தில் உட்கார வேண்டும். இப்போது மக்தபா ஷாமிலா என்ற மின்நூலகம் ஆயிரக்கணக்கான கிதாபுகளோடு (அரபு நூல்களோடு) இலவசமாகக் கிடைக்கிறது. இருந்தும், திறந்தவர்களில் பலர் தேடிப்போன வரியைக் காணாமலே மூடிவிடுகிறார்கள். அரபு தெரியாதது மட்டும் காரணம் இல்லை. ஓதி ஸனது (பட்டம்) வாங்கிய ஆலிம் தேடல் பெட்டியின் முன் தடுமாறுவார். கணினியில் கெட்டிக்காரரான பொறியாளர் அகராதியின் முன் தடுமாறுவார். ஆனால் இந்தத் தடுமாற்றங்கள் எல்லாருக்கும் ஒரே இடங்களில்தான் வருகின்றன. இடம் தெரிந்துவிட்டால் தாண்டுவது கடினமில்லை.

முதல் இடம் தமிழ் எழுத்து. அரபுச் சொற்களை நாம் காதால் கேட்டு, தமிழில் எழுதி, தமிழ் வடிவத்திலேயே மனதில் வைத்திருக்கிறோம். "ரமளான்", "ளுஹர்" இரண்டிலும் ஒரே ள போடுகிறோம். அரபியில் ரமளானில் வருவது ளாத், ளுஹரில் வருவது ளா. வேறு வேறு எழுத்துகள். ஸ என்று நாம் எழுதுவது ஸீன், ஸாத், ஸா, ஸாய் என நான்கில் ஒன்றாக இருக்கலாம். இதயம், நாய் இரண்டையுமே தமிழில் "கல்ப்" என்றுதான் எழுத முடியும். குர்ஆனிலேயே "அதாபுன் அலீம்" என்பதில் உள்ள அலீம் ஹம்ஸாவில் தொடங்குகிறது, நோவினை தருவது என்று பொருள். "வல்லாஹு அலீம்" என்பதில் வருவது ஐன், நன்கறிந்தவன் என்று பொருள். தமிழ் வடிவத்தை வைத்துக்கொண்டு தட்டச்சு செய்கிறவர் ஒரு எழுத்தை மாற்றிப் போட்டால் கணினி "எதுவும் இல்லை" என்று சொல்லும். அதை நம்பி "இப்படி ஒரு ஹதீஸே இல்லை" என்று பதில் எழுதியவர்களும் உண்டு. அதனால், தமிழில் பார்த்த ஒரு கலைச்சொல்லைத் தேடும் முன் அதன் அரபு எழுத்துகள் எவை என்று ஒருமுறை அகராதியில் உறுதி செய்துகொள்ளுங்கள். (கீழக்கரை, காயல்பட்டினம், இலங்கைப் பக்கத்து முன்னோர் இதையே மறுதிசையில் செய்தார்கள். அரபுத் தமிழில் எழுதும்போது ட, ண, ழ, ற போன்ற ஒலிகளுக்கு அரபு எழுத்தின் மேலும் கீழும் புள்ளிகள் சேர்த்துப் புது எழுத்தே உண்டாக்கிக்கொண்டார்கள்.)

இரண்டாவது இடம் விசைப்பலகை. தமிழ்நாட்டில் பலர் கைப்பேசியில் உருது விசைப்பலகை வைத்திருப்பார்கள். அரபு எழுத்துகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றனவே என்று அதிலேயே அடிப்பார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் உருதுவின் காஃப், யா, ஹா மூன்றுக்கும் யூனிகோடில் தனிக் குறியெண்கள். அரபு காஃப் 0643, உருது காஃப் 06A9. இந்த வேறுபாட்டைச் சமன்செய்யாத தேடல் கருவியில் "கிதாப்" என்ற சொல்லே சிக்காது. தேடுவதற்கென்று அரபு விசைப்பலகையைத் தனியாக நிறுவிக்கொள்வதே தீர்வு. அதோடு, எகிப்தியப் பதிப்புகளில் சொல்லின் கடைசியில் வரும் யாவுக்குப் புள்ளி போடாமல் அச்சிடும் வழக்கம் உண்டு; சொல்லின் கடைசியில் மட்டும் வரும் தா மர்பூதாவின் இரண்டு புள்ளிகள் விடுபட்டு ஹா ஆகிவிடுவதும் உண்டு. அலிஃபின் மேல் ஹம்ஸா இருக்கிறதா இல்லையா என்பதும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஆகவே ஹம்ஸா, கடைசி எழுத்து ஆகியவற்றை வேறுபடுத்தாமல் தேடும் வசதி கருவியில் இருந்தால் அதை முதலில் இயக்கிவிடுங்கள்.

குர்ஆனில் தேடும்போது இன்னொரு சிக்கல் சேரும். குர்ஆன் பிரதிகளின் பழைய எழுத்துக்கூட்டலான உஸ்மானி எழுத்துமுறையில் ஸலாத், ஸகாத், ஹயாத் ஆகிய சொற்கள் அலிஃபுக்குப் பதில் வாவோடு எழுதப்படுகின்றன. ரிபா என்ற சொல்லும் வாவோடுதான் வரும், 30:39 நீங்கலாக. அங்கே மட்டும் அலிஃப். சாதாரண எழுத்துக்கூட்டலில் "ஸலாத்" என்று அடித்து உஸ்மானி உரையில் தேடினால் ஒன்றும் வராது. தன்ஸீல் தளத்தில் உஸ்மானி உரையும் எளிய எழுத்துமுறை உரையும் தனித்தனியாக உண்டு. தேடுவதற்கு எளியது, மேற்கோள் எடுத்துப் போடுவதற்கு உஸ்மானி என்று வைத்துக்கொண்டால் போதும்.

இனி உண்மையான வேலை. நம்மில் சிறுவயதில் மக்தபில் ஓதிய எல்லாருக்கும் அரபு எழுத்து தெரியும், ஸபர் ஸேர் பேஷ் (ஹரகத் எனப்படும் உயிரொலிக் குறிகள்) போட்டிருந்தால் தடையில்லாமல் வாசிக்கவும் வரும். கிதாபுகளில் அவை இருக்காது. ஐன், லாம், மீம் என்று மூன்று எழுத்து மட்டும் நிற்கும். அது "அறிந்தான்", "அறியப்பட்டது", "கற்றுக்கொடுத்தான்", "அறிவு", "கொடி" என்று எதுவாகவும் இருக்கலாம். வாக்கியத்தில் எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்று நஹ்வு (அரபு இலக்கணம்) தெரிந்தால்தான் எந்த ஹரகத் என்று முடிவாகும். ஓத முடிந்தால் புரிந்துகொள்ளவும் முடியும் என்று நினைத்து நேரே ஹதீஸ் நூலான புகாரியைத் திறக்கிறவர் இரண்டாம் பக்கத்தோடு விட்டுவிடுகிறார். முதலில் அடிப்படை வேண்டும். உலகம் முழுக்கப் பயன்படும் "மதீனா கிதாப்" என்ற துரூஸுல் லுகத்தில் அரபிய்யா பாடவரிசையை எழுதிய டாக்டர் வி. அப்துர் ரஹீம் நம் வாணியம்பாடிக்காரர்தான். அந்த மூன்று பாகங்களை முறையாக முடித்தவருக்கு வாக்கிய அமைப்பு பிடிபட்டுவிடும். பிறகு ஆஜுர்ரூமிய்யா போன்ற ஒரு சிறிய நஹ்வு நூலை ஒரு உஸ்தாதிடம் கேட்டுப் படிப்பது நல்லது. காஃபியாவிலிருந்து தொடங்காதீர்கள். அது ஏற்கெனவே தெரிந்தவர் மனனத்துக்காகச் சுருக்கிய நூல்.

பயிற்சிக்குப் பலன் தரும் ஒரு வழி உண்டு. ரியாளுஸ் ஸாலிஹீன் என்ற ஹதீஸ் தொகுப்பில் ஹரகத் இல்லாத பிரதி ஒன்று, ஹரகத் போட்ட பிரதி ஒன்று என இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு ஹதீஸ். இல்லாத பிரதியில் பென்சிலால் ஹரகத் போட்டு, பிறகு மற்றதோடு ஒப்பிட வேண்டும். தவறுகள் பெரும்பாலும் இரண்டு வகையில் விழும்: செய்வினையைச் செயப்பாட்டுவினையாகவோ மறுதலையாகவோ வாசிப்பது, அடுத்து சொல்லின் கடைசி எழுத்து. முதல் வகை பொருளையே புரட்டிவிடும் என்பதால் அதில் கவனம் வையுங்கள். ஹதீஸ் வாசகம் எளியது, அறிவிப்பாளர் தொடர் பெரும்பாலும் விடப்பட்டிருக்கும், ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வரும். தொடங்குகிறவருக்குத் தஃப்ஸீரோ (குர்ஆன் விரிவுரையோ) ஃபிக்ஹோ (மார்க்கச் சட்டமோ) இந்த அளவுக்கு இடம் கொடுப்பதில்லை.

அகராதியில் சொல்லைக் கண்டுபிடிப்பது தனிக் கலை. அரபு அகராதிகள் வேர்ச்சொல் வரிசையில் இருப்பவை. இஸ்திஃக்ஃபார் என்பதை அலிஃபில் தேடக் கூடாது. முன்னால் உள்ளதைக் களைந்தால் ஃகைன்-ஃபா-ரா. இது எளிது. வாவ், யா உள்ள சொற்களில்தான் சிக்கல். தக்வாவும் முத்தகீயும் தாவில் இல்லை, வாவ்-காஃப்-யாவில் (குர்ஆன் என்பதில் வரும் காஃப்) இருக்கின்றன. மீஸான் மீமில் இல்லை, வாவ்-ஸாய்-நூனில். ஸிஃபத், ஸிகத், ஹிபா மூன்றிலும் முதலில் இருந்த வாவ் விழுந்துவிட்டது. முஸ்தகீம் காஃப்-வாவ்-மீம் (அதே காஃப்). இன்னொரு வகையில் எழுத்தே உருமாறியிருக்கும்: இஸ்திலாஹ் என்பதில் வருவது இஃப்திஆல் என்ற வினை வடிவத்தின் தா, ஸாதின் பக்கத்தில் நிற்பதால் கனமாகிவிட்டது, வேர் ஸாத்-லாம்-ஹா. ஹஜ்ஜுக்குப் போனவர் எல்லாருக்கும் தெரிந்த முஸ்தலிஃபாவின் வேர் ஸாய்-லாம்-ஃபா; நடுவில் உள்ள தால், தாவின் உருமாற்றம். ஒரு சொல் அகராதியில் அகப்படவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள்: முதல் எழுத்து தாவாக இரட்டித்திருந்தால் வாவ் போட்டுப் பாருங்கள், நடுவில் அலிஃப் இருந்தால் வாவ், யா இரண்டையும் முயலுங்கள், கடைசியில் தா மர்பூதாவோடு மூன்றே எழுத்துச் சொல்லாக இருந்தால் முன்னால் ஒரு வாவைச் சேருங்கள். பெரும்பாலானவை இதற்குள் அகப்பட்டுவிடும்.

எந்த அகராதி என்பதும் முக்கியம். ஹான்ஸ் வேர் அகராதி இன்றைய எழுத்து அரபுக்கானது. 1952இல் ஜெர்மனில் வந்தது, ஆங்கில வடிவம் 1961இல். பத்திரிகை, நவீன நூல்களுக்கு அது போதும். ஆயிரம் ஆண்டுப் பழைய ஹதீஸ் வாசகத்துக்கு அதன் பொருளை அப்படியே எடுத்துப் போட்டால் தவறிவிடும். பழைய சொல்லுக்கு எட்வர்ட் லேனின் அகராதி நல்லது. ஆனால் அவர் முடிக்கும் முன் 1876இல் இறந்துவிட்டதால், குர்ஆன் என்ற சொல்லின் முதல் எழுத்தான காஃபுக்குப் பிறகு வரும் பகுதி மெலிந்து கிடக்கும். லிஸானுல் அரப் என்ற பழைய அகராதியைப் பார்க்கப் போகிறவர் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும்: இப்னு மன்ளூர் அதை வேரின் கடைசி எழுத்து வரிசையில் அமைத்தார். பெய்ரூத் தார் ஸாதிர் பதிப்பின் 15 தொகுதிகளும் அப்படித்தான். காஃப்-தா-பா (கிதாபில் வரும் காஃப்) என்ற வேரை பா அத்தியாயத்தில், காஃப் பிரிவில் பார்க்க வேண்டும். கெய்ரோ தாருல் மஆரிஃப் பதிப்பு முதல் எழுத்து வரிசைக்கு மாற்றப்பட்டது. அவசரக்காரர்களுக்கு அது நல்லது. ஆனால் மற்றவர்கள் கொடுக்கும் தொகுதி-பக்க எண் பெரும்பாலும் பெய்ரூத் பதிப்புக்குரியது.

இப்போது அந்த "அஹ்மத் 3/135". முஸ்னது அஹ்மத் தலைப்புவாரியாக அமைந்ததல்ல. நபித்தோழர் வாரியாக அமைந்தது. 3/135 என்பது ஹிஜ்ரி 1313இல் கெய்ரோவில் வந்த மைமனிய்யா பதிப்பின் 3ஆம் தொகுதி, 135ஆம் பக்கம். அந்தப் பதிப்பு ஆறு தொகுதி. இன்று கையில் கிடைப்பதோ ஷுஐப் அல்அர்னாஊத் மேற்பார்வையில் வந்த 50 தொகுதி ரிஸாலா பதிப்பு. அதில் 3ஆம் தொகுதியைத் திறந்தால் வேறு தோழர்களின் ஹதீஸ்கள் இருக்கும். நாம் தேடும் அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு, "அமானிதம் பேணாதவனுக்கு ஈமான் இல்லை" என்பது, 19ஆம் தொகுதியில் 12383 என்ற எண்ணில் இருக்கிறது. ரிஸாலா பதிப்பின் ஓரத்தில் மைமனிய்யாவின் தொகுதி, பக்க எண்ணும் அச்சாகியிருக்கும். அந்த ஓர எண்ணைப் பார்த்தே போய்ச் சேரலாம். சாய்கோடு போட்ட சின்ன எண் என்றால் பழைய பதிப்பின் தொகுதி-பக்கம், ஐந்திலக்க எண் என்றால் புதிய பதிப்பின் ஹதீஸ் எண் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

புகாரிக்கு இன்று பரவலாக உள்ளது 7563 வரை ஓடும் ஃபுஆத் அப்துல் பாகீயின் எண். வேறு எண்முறைப் பதிப்புகளும் உண்டு. பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாக வந்தவை "தொகுதி, புத்தகம், எண்" என்று மூன்றாக இருக்கும். முஸ்லிமுக்கு அப்துல் பாகீயின் எண் 3033 வரை போகிறது. ஆனால் ஒரே ஹதீஸின் பல அறிவிப்புகளுக்கும் அவர் ஒரே எண் கொடுத்திருக்கிறார். தொடர் எண் போட்ட பதிப்புகளில் எண் இதைவிட மிகப் பெரிதாக இருக்கும். முஸ்லிம் நூலுக்கு ஒரு முன்னுரை, அதாவது முகத்திமா, உண்டு. முதல் ஏழு எண்கள் அதற்குரியவை. ஜிப்ரீல் (அலை) வந்து கேட்ட ஹதீஸ் 8ஆம் எண்ணில் கிதாபுல் ஈமானில் தொடங்குகிறது. முகத்திமாவில் உள்ளவற்றுக்கு நூலின் உள்ளே உள்ளவற்றுக்கான கடும் நிபந்தனை இல்லை என்பதால் "முஸ்லிம்" என்று மட்டும் போடாமல் "முஸ்லிம், முகத்திமா" என்று போடுவதே முறை. கேள்விப்பட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவனைப் பொய்யனாக்கப் போதும் என்ற ஹதீஸும் அந்த முகத்திமாவில்தான், 5ஆம் எண்ணில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அதையும் எண் இல்லாமல்தான் அனுப்புகிறார்கள்!

எண் இல்லாத நிலையில் வாசகத்தை வைத்துத் தேட வேண்டும். இங்கே பலரும் முழு வாக்கியத்தையும் கொடுத்துவிடுகிறார்கள். "இன்னமல் அஃமாலு பின்னிய்யாத்" எல்லாருக்கும் தெரிந்தது. புகாரியில் இது ஏழு இடத்தில் வருகிறது: 1, 54, 2529, 3898, 5070, 6689, 6953. முதல் இடத்தில் "பின்னிய்யாத்" என்று பன்மை. 54இல் "இன்னமா" இல்லை, "பின்னிய்யா" என்று ஒருமை. 5070இல் "அல்அமலு" என்பதே ஒருமை. முதலாவதை அப்படியே ஒட்டித் தேடினால் மற்ற இரண்டும் வராது. அது மட்டுமல்ல, "எவருடைய ஹிஜ்ரத் அல்லாஹ்வுக்காகவும் அவன் தூதருக்காகவும் இருந்ததோ" என்ற பகுதி முதல் ஹதீஸில் விடுபட்டிருக்கிறது, 54இல் இருக்கிறது. முழு வாசகத்தையும் எழுதி "புகாரி 1" என்று போடுகிறவர் எத்தனை பேர்! தேடும்போது இரண்டு அல்லது மூன்று அரிதான சொற்களை மட்டும், அல் இல்லாமல், ஒட்டுகள் இல்லாமல், பக்கத்தில் பக்கத்தில் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல் கொடுங்கள். கணினிக்கு முன்பு இதே வேலைக்காக உருவானதுதான் வென்ஸிங்கின் சொல்லடைவு. ஒன்பது ஹதீஸ் நூல்களுக்கு எட்டுத் தொகுதிகளில், 1936இல் லைடனில் தொடங்கியது. தோழரின் பெயர் மட்டும் தெரிந்தால் தோழர் பெயர் வரிசையில் ஹதீஸ்களைக் காட்டும் மிஸ்ஸியின் துஹ்ஃபத்துல் அஷ்ராஃப் இன்றும் உதவும்.

நூல்பெயரை மட்டும் சொன்னால் போதாது என்பதற்கு தப்ரானியே சாட்சி: அவருக்குக் கபீர், அவ்ஸத், ஸஃகீர் என்று மூன்று முஃஜம்கள் (ஹதீஸ் தொகுப்புகள்). "பைஹகீ" என்றால் ஸுனனுல் குப்ராவா, ஷுஅபுல் ஈமானா? "நஸாயீ" என்றால் வழக்கமாக முஜ்தபா. ஆனால் அவருக்கும் ஒரு குப்ரா உண்டு. கஸ்ஸாலீயின் இஹ்யாவில் வருவதாகப் பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) சொல்லப்படும் ஹதீஸ்களுக்கு இஹ்யாவையே ஆதாரமாகக் காட்டாமல், பக்கத்தின் அடியில் அச்சாகியிருக்கும் ஹதீஸ் அறிஞர் இராகீயின் குறிப்பைப் படியுங்கள். எங்கே பதிவானது, என்ன தரம் என்று ஒரு வரியில் சொல்லியிருப்பார். சிலவற்றுக்கு "இதற்கு மூலம் காணவில்லை" என்றும் சொல்லியிருப்பார்.

ஓதியவர்களையே அதிகம் ஏமாற்றுவது குறிப்புப் பெயர்கள். "அஷ்ஷைகான்", இரு ஷைகுகள், என்று வந்தால் ஹதீஸ் நூலில் புகாரியும் முஸ்லிமும். ஷாஃபிஈ மத்ஹபின் (சட்ட வழியின்) ஃபிக்ஹில் ராஃபிஈயும் நவவீயும். ஹனஃபி ஃபிக்ஹில் அபூஹனீஃபாவும் அபூயூஸுஃபும். வரலாற்றில் அபூபக்ரும் உமரும். "முத்தஃபகுன் அலைஹி" என்றால் புகாரி, முஸ்லிம் இருவரும். ஆனால் மஜ்துத்தீன் இப்னு தைமிய்யாவின் முன்தகாவில் அது அஹ்மதையும் சேர்த்து மூவர். "இப்னு ஹஜர்" என்றால் ஹதீஸில் அஸ்கலானீ (இறப்பு ஹிஜ்ரி 852), ஷாஃபிஈ ஃபிக்ஹில் ஹைதமீ (974). இருவருக்கும் இடையில் ஒரு நூற்றாண்டுக்கு மேல். பொன்னானி ஸைனுத்தீன் மக்தூமின் ஃபத்ஹுல் முஈனில் "ஷைகுனா" என்று வந்தால் ஹைதமீ. நம் கடலோர ஊர்களில் ஷாஃபிஈ வழி, உள்நாட்டு ராவுத்தர் ஊர்களில் பெரும்பாலும் ஹனஃபி வழி. ஒரே சொல்லை இரண்டு ஊர் ஆலிம்கள் இரண்டு விதமாகப் படிப்பதற்கு இதுவே காரணமாக இருக்கும். நவவீயின் ஷாஃபிஈ சட்ட நூலான மின்ஹாஜில் "அள்ஹர்" என்றால் இமாம் ஷாஃபிஈயின் சொந்தக் கூற்றுகளுக்குள் தேர்வு. "அஸஹ்" என்றால் அவருடைய மத்ஹபைச் சேர்ந்தவர்களின் கருத்துகளுக்குள் தேர்வு. இரண்டையும் "மிகச் சரியானது" என்று மொழிபெயர்த்துவிட்டால் நவவீ சொல்ல வந்ததே போய்விடும்.

விரிவுரை நூல்களில் பக்க அமைப்பையும் கவனிக்க வேண்டும். அடைப்புக்குறிக்குள் மத்ன் (மூல வாசகம்), அதைச் சுற்றி ஷரஹ் (விரிவுரை), கீழே ஹாஷியா (விரிவுரைக்கான குறிப்புரை). பழைய எகிப்திய அச்சில் மூல நூல் ஓரத்தில் இருக்கும், ஹாஷியா நடுவில் இருக்கும். மின்ஹாஜுக்கு ஹைதமீ எழுதிய விரிவுரையான துஹ்ஃபத்துல் முஹ்தாஜின் பத்துத் தொகுதிப் பதிப்பில் ஷிர்வானி, இப்னு காஸிம் இருவரின் ஹாஷியாவும் கூடவே உண்டு. ஷாமிலாவில் இவை ஒரே பத்தியாக ஓடிவிடும்போது, ஹாஷியாக்காரர் சொன்னதை ஹைதமீ சொன்னதாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். "அலிஃப்-ஹா" என்று இரண்டு எழுத்து வந்தால் மேற்கோள் முடிந்தது என்று பொருள். "மீம்-ரா" என்றால் முஹம்மத் ரம்லீ. "ஸீன்-மீம்" இப்னு காஸிம். "ஐன்-ஷீன்" ஷப்ராமல்லிஸீ. ஹதீஸ் தொடரின் நடுவில் தனி "ஹா" வந்தால், அங்கிருந்து வேறு தொடர் தொடங்குகிறது. இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி நூலுக்குள் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஷாமிலாவில் கிடைத்ததை அப்படியே மேற்கோள் காட்டலாமா? நூலின் முகப்பு அட்டையில் "எண்ணிடல் அச்சுப் பிரதியோடு ஒத்தது" என்றிருந்தால் பக்க எண்ணை நம்பலாம். "தானியங்கி எண்ணிடல்" என்றிருந்தால் அந்தப் பக்க எண்ணுக்கு எந்த அச்சுப் பிரதியிலும் மதிப்பில்லை. எப்படியானாலும், முக்கியமான வாசகத்தை அதே பதிப்பின் பிடிஎஃப் படத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தட்டச்சிலும் படத்திலிருந்து எழுத்தெடுப்பதிலும் புள்ளி தவறுவது சகஜம். அறிவிப்பாளர் பெயர்களில் அப்பாஸும் அய்யாஷும், பஷ்ஷாரும் யஸாரும், ஹிப்பானும் ஹய்யானும் புள்ளியால் மட்டுமே வேறுபடுகிறார்கள். இதற்கென்றே முஃதலிஃப்-முக்தலிஃப் என்று ஒரு தனித் துறை முன்னோர்களிடம் இருந்தது. ஒரு புள்ளி மாறினால் நம்பகமானவர் இடத்தில் பலவீனமானவர் வந்து உட்கார்ந்துவிடுவார்.

ஹதீஸின் தரம் பார்க்க துரர் ஸனிய்யா தளம் வசதியானது. ஒவ்வொரு முடிவுக்கும் சொன்ன அறிஞர் பெயரும் நூலும் கூடவே வரும். அந்தப் பெயரை விட்டுவிட்டு "ஸஹீஹ்" (சரியானது) என்று மட்டும் எடுக்கக் கூடாது. ஒரே ஹதீஸுக்கு இருவர் இரண்டு தரம் கொடுத்திருப்பது வழக்கம். "இஸ்னாது ஸஹீஹ்" என்பதும் "ஹதீஸ் ஸஹீஹ்" என்பதும் ஒன்றல்ல. முன்னது தொடரைப் பற்றிய முடிவு, வாசகத்தில் மறைந்த குறை இருக்கிறதா என்பது அதில் அடங்காது.

ஏஐ செயலிகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஹரகத் இல்லாத பத்தியைக் கொடுத்து முதல் வரைவு வாங்க அவை உதவும். சொல்லின் கடைசி ஹரகத்தில் தவறும், எனவே நஹ்வு தெரிந்தவர் கண்பட வேண்டும். கடினமான வாக்கியத்தைப் பிரித்துக் காட்டச் சொன்னாலும் பெரும்பாலும் பயன் உண்டு. ஆனால் "இது எந்த நூலில், எந்த எண்ணில்" என்று மட்டும் கேட்காதீர்கள். இல்லாத எண்ணையும் தயங்காமல் சொல்லும், சில நேரம் இல்லாத வாசகத்தையே அழகான அரபியில் எழுதித் தரும். அது தரும் எண் எதுவானாலும் மூலத்தைத் திறந்து பார்க்கும் வரை எண்ணே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக் கணக்கில் ஒரு சிறு விஷயம். ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாள். 0.97 ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஏறத்தாழ கிறிஸ்தவ ஆண்டு வரும். 852க்கு இப்படிப் போட்டால் 1448 வருகிறது. ஆனால் இப்னு ஹஜர் அஸ்கலானீ இறந்தது அந்த ஆண்டின் கடைசி மாதமான துல்ஹஜ்ஜில், ஆகவே 1449. மாதம் தெரியாதபோது 1448/49 என்று இரண்டையும் போடுவதே வழக்கம்.

தேடிக் கண்டுபிடித்ததை எழுதி வைக்கும்போது ஆசிரியர், நூலின் முழுப்பெயர், பாடம், தொகுதி, பக்கம், ஹதீஸ் எண், பதிப்பாளர், ஊர், பதிப்பாண்டு, எண்முறை யாருடையது என்பவற்றை ஒரே வரியில் எழுதுங்கள். பாடத்தின் பெயரை விடாதீர்கள். பதிப்பு மாறி எண் எல்லாம் மாறினாலும் "கிதாபுல் ஈமான்" மாறாது. முஸ்லிமில் மட்டும், கிதாபுக்குள் வரும் சிறு தலைப்புகள் அவர் போட்டவை அல்ல, பின்னால் நவவீ போன்றோர் சேர்த்தவை. அந்தத் தலைப்பை இமாம் முஸ்லிமின் கருத்தாக எழுதக் கூடாது. புகாரியில் நேர்மாறு. அங்கே தலைப்புகள் அவருடையவை, அவருடைய ஃபிக்ஹே அவற்றில்தான் இருக்கிறது. அதனால் புகாரியிலிருந்து எடுக்கும்போது தலைப்பையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.